குவாலியர் கோட்டையின் அரசக் கைதிகள்

ஆக்ராவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், மற்ற மலைகள் எவற்றோடும் ஒட்டாமல் சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கிறது ஒரு மணற்கல் குன்று. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமும் சுமார் 100 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் குன்றின் உச்சி தட்டையானது. பக்கங்களோ பல இடங்களில் செங்குத்தானவை, இயற்கை சரிவாக விட்டிருந்த இடங்களையும் மனிதர்கள் செதுக்கிச் செங்குத்தாக்கியிருக்கிறார்கள். பழைய கல்வெட்டுகள் கோபகிரி என்றும் கோபாசலம் என்றும் குறிப்பிடும் இக்குன்றின் மீதுதான் குவாலியர் கோட்டை இருக்கிறது.

இந்தக் கோட்டையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் அழகையே எழுதுகிறார்கள். சதுர்புஜர் கோயிலில் 876ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டில் 270, 50 என்னும் எண்களில் பூஜ்யம் சிறு வட்டமாகப் பொறிக்கப்பட்டிருப்பதும், குன்றின் பக்கங்களில் தோமர் அரசர்கள் காலத்தில் குடையப்பட்ட பிரம்மாண்டமான ஜைனத் தீர்த்தங்கரர் சிலைகளும், மான்சிங் தோமர் கட்டிய அரண்மனையின் நீல ஓடுகளும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டவை, பேசப்பட வேண்டியவையும்கூட. ஆயினும் என்னை நெடுங்காலமாகப் பற்றிக்கொண்டிருப்பது இதே கோட்டையின் இன்னொரு வரலாறு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, இடையிடையே விட்டுவிட்டு, டெல்லியிலும் ஆக்ராவிலும் அரியணை ஏறியவர்கள் தம் தம்பிகளையும் அண்ணன் மக்களையும், பெற்ற மகனையும்கூட, இந்தக் குன்றின் மீதுதான் அடைத்து வைத்தார்கள். அவர்களில் பலர் உயிரோடு இறங்கி வரவில்லை.

எதிரியை வெளியே நிறுத்துவதற்குக் கட்டிய கோட்டை, சொந்தக்காரரை உள்ளே நிறுத்துவதற்கு ஏன் இவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குன்றின் மேல் சூரஜ் குண்டம் தொடங்கிப் பல குளங்களும் கிணறுகளும் உள்ளன. அவற்றின் நீரை நம்பி ஒரு காவல்படை மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பின்றி வாழ முடியும். 1232இல் இல்துத்மிஷ் இக்கோட்டையைப் பிடிக்க 11 மாதங்கள் முற்றுகையிட வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சான்று. ஏறும் வழிகளோ மிகச் சில. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் வைத்துக் காக்கப்பட்டவை. கீழே இருப்பவர் மேலே ஏற முடியாதென்றால் மேலே இருப்பவர் கீழே இறங்கவும் முடியாது. ஆக்ராவிலிருந்து சில நாள் பயணத்தில் எட்டிவிடலாம் என்பதால் அரசரின் ஆணை விரைவாகப் போய்ச் சேரும். அதே சமயம் தலைநகரத்து மக்கள் கூட்டத்தின் கண்ணிலும் காதிலும் கைதி படமாட்டான். அரச குடும்பத்துக் கைதியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது காரணம் முதல் காரணத்தைவிட முக்கியமானது என்றே நான் கருதுகிறேன். சாதாரணக் குற்றவாளி தப்பி ஓடினால் ஒரு குற்றவாளி தப்பியதோடு போயிற்று. இளவரசன் தப்பினால் அவனைச் சுற்றி ஒரு படை திரளும்.

முதல் பெரும் துயரம் கல்ஜிகளின் காலத்தில் நடந்தது. அதில் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. 1311இல் மதுரை வரை படை நடத்தி வந்து கோயில் செல்வங்களை யானைகளில் ஏற்றிச் சென்ற மாலிக் காஃபூர், சில ஆண்டுகளில் நோயாளியாகிப் படுத்துவிட்ட அலாவுதீன் கல்ஜியின் அரண்மனையில் ஏறக்குறைய முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். பட்டத்துக்கு உரியவன் எனக் கருதப்பட்ட மூத்த மகன் கிஸ்ர் கான் தந்தையின் சினத்துக்கு ஆளாகிக் குவாலியருக்கு அனுப்பப்பட்டதில் காஃபூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1316 ஜனவரியில் அலாவுதீன் இறந்ததும், சின்னஞ்சிறு பிள்ளையான ஷிஹாபுதீன் உமரை அரியணையில் அமர்த்திவிட்டு, கிஸ்ர் கானின் கண்களையும் அவன் தம்பி ஷாதி கானின் கண்களையும் பறிக்கக் காஃபூர் ஆணையிட்டார். சில வாரங்களுக்குள் அவரே அரண்மனைக் காவலர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். மதுரையைச் சூறையாடியவர் என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துக் கடந்துபோகிற மனிதரின் கடைசி அத்தியாயம் இந்தக் குன்றோடு இப்படித்தான் பிணைந்திருக்கிறது.

காஃபூருக்குப் பின் ஆட்சிக்கு வந்த, அலாவுதீனின் இன்னொரு மகன் முபாரக் ஷா, சிறுவன் ஷிஹாபுதீனையும் கண்ணிழக்கச் செய்து, அண்ணன்மார் இருந்த அதே கோட்டைக்கு அனுப்பினார். 1318இல் தம்மைக் கொல்ல நடந்த சதி ஒன்று வெளிப்பட்டபோது, அதற்கும் குவாலியரில் இருந்தவர்களுக்கும் தொடர்பு இருந்ததோ இல்லையோ, அரச இரத்தம் ஓடும் ஓர் உயிரும் அங்கே மிஞ்சக்கூடாது என்று அவர் முடிவெடுத்தார். அன்று நடந்ததை நாம் அறிய முடிவது இப்னு பதூதாவால். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்த அந்தப் பயணி, குவாலியரின் காஜியாக இருந்த ஜைனுதீன் முபாரக்கைச் சந்தித்து அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதியிருக்கிறார். காஜி அன்று காலை கிஸ்ர் கானோடு அமர்ந்திருந்தார். சுல்தானிடமிருந்து ஆள் வந்திருக்கிறது என்ற செய்தி கேட்டதுமே கிஸ்ர் கானின் முகத்தில் நிறம் மாறியது. வந்தவர் காஜி முன்னிலையில் ஆணையைப் படிக்கச் செய்தார். முதலில் ஷிஹாபுதீனின் தலை வெட்டப்பட்டது; அந்தச் சிறுவன் அச்சம் காட்டவில்லை. அடுத்து மற்றத் தம்பிகள். கிஸ்ர் கானின் முறை வந்தபோது அவன் திகைத்துக் கலங்கிப்போனான். உடன் இருந்த தாயை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு அவனைக் கொன்றார்கள். உடல்களைக் குளிப்பாட்டவோ கபன் துணி சுற்றவோ இல்லை. ஒரு குழியில் இழுத்துப் போட்டார்கள். பல ஆண்டுகள் கழித்தே அவர்களுக்கு முன்னோர் கல்லறை கிடைத்தது. அந்தத் தாயைப் பின்னாளில் மக்காவில் பார்த்ததாகவும் இப்னு பதூதா குறிப்பிடுகிறார்.

இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும், கோட்டை வாசலில் பாகனோடு செதுக்கப்பட்டிருந்த கல்யானையை வியந்து எழுதிய அதே பயணி, சாத்தப்பட்ட அந்தக் கதவையும் மறக்காமல் எழுதினாரே என்று அவர் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது. அரசவை வரலாற்றாசிரியர்கள் ஆணையை மட்டுமே பதிவு செய்வார்கள். கதவுக்கு வெளியே நின்றவரைப் பதிவு செய்யமாட்டார்கள்.

துக்ளக் ஆட்சி சிதறிய 1390களின் இறுதியில் கோட்டை தோமர்கள் கைக்கு வந்து, அடுத்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் குவாலியருக்குப் பொற்காலமாக அமைந்தது. 1486 முதல் 1516 வரை ஆண்ட மான்சிங் கட்டிய மான் மந்திரின் வெளிச்சுவரில் இன்றும் மஞ்சள் வாத்துகள் வரிசையாக நடக்கின்றன, வாழை மரங்கள் பச்சை ஓடுகளில் நிற்கின்றன, யானையும் முதலையும் நீலப் பின்னணியில் தெரிகின்றன. தரைக்கு மேல் இரண்டு தளங்கள், தரைக்குக் கீழே இரண்டு தளங்கள். குன்றின் விளிம்பையொட்டி அமைந்த அந்தக் கீழ்த்தளங்களில் தூண்கள் சுற்றி நிற்கும் வட்டமான கூடங்கள் உள்ளன. கோடை வெயிலுக்கு அஞ்சி அரச மகளிர் இறங்கி இளைப்பாறுவதற்காகவும், விதானத்து வளையங்களில் ஊஞ்சல் கட்டி ஆடுவதற்காகவும் அமைந்தவை அவை. மேல்தளத்திலிருந்து பேசினால் கீழே கேட்கும்படி சுவருக்குள் குழாய்த் துளைகளும் விட்டிருக்கிறார்கள். மான்சிங் இறந்த சில ஆண்டுகளில் கோட்டை லோதிகளிடம் போய், பிறகு பாபரிடமும் சூர் வம்சத்தாரிடமும் கைமாறி, அக்பர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே முகலாயருக்கு நிலைத்துவிட்டது. அங்கே மறுபடி அரசவை கூடவில்லை. முகலாயர்களுக்கு அரண்மனைகள் வேறு இடங்களில் இருந்தன. குவாலியர் அவர்களுக்குச் சிறையாகவே தேவைப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தைமூர் வழி வந்த முகலாயர்களின் வாரிசு முறையையே சொல்ல வேண்டும். மூத்த மகனுக்கே பட்டம் என்ற உறுதியான வழக்கம் அவர்களிடம் இல்லை. தந்தை இறந்தாலோ தளர்ந்தாலோ, எல்லா மகன்களும் சமமான உரிமையாளர்கள், வென்றவன் ஆள்வான். அப்படியானால் தோற்றவர்களை என்ன செய்வது? அவர்களை வெளிப்படையாகக் கொன்றால் உலகம் பழிக்கும், மார்க்க அறிஞர்கள் முகம் சுளிப்பார்கள், கொல்லப்பட்டவனிடம் உப்பைத் தின்ற பிரபுக்கள் கசந்துகொள்வார்கள். கொல்லாமல் விட்டால் உறக்கம் வராது. ஷாஜகான் 1628இல் அரியணை ஏறும்போது லாகூரில் இருந்த தம்பியையும் அண்ணன் மக்களையும் சித்தப்பாவின் மக்களையும் ஒரே வீச்சில் கொல்லச் செய்து இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார். மற்றவர்கள் குவாலியரைப் பயன்படுத்தினார்கள். அங்கே அனுப்பப்பட்டவன் இறக்கவில்லை என்று அரசரும் சொல்லிக்கொள்ளலாம். இருக்கிறான் என்று யாரும் எண்ணிச் செயல்படவும் முடியாது.

அக்பர் காலத்துக் கைதிகள் இருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹுமாயூனோடு வாழ்நாள் முழுவதும் மோதி, கடைசியில் கண்கள் பறிக்கப்பட்டு மக்காவில் இறந்த கம்ரானின் மகன் அபுல் காசிம் இங்கே அடைக்கப்பட்டான். 1565 வாக்கில், கிழக்கே உஸ்பெக் பிரபுக்கள் கலகம் செய்தபோது அவர்கள் இவனைத் தூக்கிப் பிடித்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் கொல்லப்பட்டான். இன்னொருவர் அக்பரின் தாய்மாமன் குவாஜா முஅஸ்ஸம். அவர் வாரிசுப் போட்டியில் சிக்கியவர் அல்லர், தம் மனைவியைக் கொன்றவர். அந்தப் பெண்ணின் தாய் முன்கூட்டியே அக்பரிடம் வந்து முறையிட, அக்பர் நேரில் புறப்பட்டுப் போயும் காப்பாற்ற முடியாமல் போயிற்று. 1564இல் குவாலியருக்கு அனுப்பப்பட்ட முஅஸ்ஸம் மனநிலை பிறழ்ந்து அங்கேயே இறந்தார்.

ஜஹாங்கீர் ஆட்சியில் இந்தியாவில் சுற்றிய வில்லியம் ஃபின்ச் என்னும் ஆங்கிலேய வணிகர், பேரரசருக்கு மூன்று சிறைக்கோட்டைகள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். குற்றம் செய்த பிரபுக்களுக்குக் குவாலியர், ஆயுள் முழுவதும் வெளியே வரக்கூடாதவர்களுக்குக் கிழக்கே ரோதாஸ், சாகவேண்டியவர்களுக்கு ரந்தம்பூர். ரந்தம்பூருக்குப் போனவனை ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து மதில் உச்சிக்கு அழைத்துச் சென்று, ஒரு கிண்ணம் பால் கொடுத்துக் குடிக்கச் செய்து, கீழே பாறைகளின் மீது தள்ளிவிடுவார்களாம். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் அன்றைய குவாலியர் திரும்பி வரும் நம்பிக்கை இருந்த சிறைதான். உண்மையில் அக்காலத்துக் கைதிகளில் இருவர் திரும்பி வந்தார்கள். இருவரும் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர், சமயத் தலைவர்கள். ஒருவர் நக்ஷபந்தி சூஃபியான ஷேக் அகமது சிர்ஹிந்தி. 1619இல் ஜஹாங்கீர் அவரைச் செருக்கு மிக்கவர் என்று கருதி, மனம் அடங்கும் வரை குவாலியரில் வைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு விடுவித்தார். மற்றவர் சீக்கியர்களின் ஆறாம் குரு ஹர்கோவிந்த். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஔரங்கசீப் காலத்தில்தான் இச்சிறை முழுமையான அரசச் சிறையாயிற்று. 1657இல் ஷாஜகான் நோயுற்றதும் நான்கு மகன்களும் படை திரட்டியதும், சாமூகட் போரில் மூத்தவர் தாரா ஷிகோ தோற்றதும் பலரும் அறிந்ததே. அந்த வெற்றியில் ஔரங்கசீப்போடு தோளுக்குத் தோள் நின்றவர் கடைசித் தம்பி முராத் பக்ஷ். முகத்தில் அம்புக் காயங்களோடு போர்க்களத்தில் நின்ற வீரர், அதே அளவுக்கு வெள்ளந்தியும்கூட. 1658 கோடையில் மதுராவுக்கு அருகே பாசறையில், அண்ணன் விருந்துக்கு அழைத்தபோது நெருங்கியவர்கள் தடுத்தும் போனார். உண்டு குடித்து, கால் பிடித்துவிட ஆள் கிடைத்த சுகத்தில் உறங்கியும் போனார். விழித்தபோது வாளும் கட்டாரியும் பக்கத்தில் இல்லை. விலங்கோடு ஆட்கள் நின்றார்கள். திரையிட்ட அம்பாரிகளோடு யானைகள் நான்கு திசைகளிலும் அனுப்பப்பட்டதால் எந்த யானையின் மேல் இளவரசர் போகிறார் என்று அவருடைய படைவீரர்களுக்குத் தெரியவில்லை. முதலில் டெல்லியின் சலீம்கட், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் குவாலியர்.

முராதின் வேண்டுகோளை ஏற்று, அவர் உயிராக நேசித்த சர்சதி பாய் என்னும் பெண்ணை உடன் இருக்க விட்டிருந்தார்கள். தமக்குக் கிடைத்த உணவுப் படியில் பாதியை, கோட்டைக்கு அடியில் வந்து தங்கிய முகலாயர்களுக்குச் சமைத்துக் கொடுத்துவந்தார் முராத். அந்த நன்றியால் சிலர் துணிந்து மதிலில் கயிற்றேணி கட்டினார்கள். கீழே குதிரையும் காத்திருந்தது. நள்ளிரவில் புறப்படும் முன் முராத் அவளிடம் விடைபெறப் போனார். என்னை யாரிடம் விட்டுப் போகிறீர்கள் என்று அவள் வாய்விட்டு அழுதாள். காவலர்கள் விழித்துத் தீவட்டிகளை ஏற்றித் தேட, ஏணி அகப்பட்டது. அவளிடம் சொல்லாமல் போயிருந்தால் முராத் பிழைத்திருப்பார் என்று இதைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. தமக்காகச் சிறையில் வந்து இருந்த ஒருத்தியிடம் சொல்லிக்கொள்ளாமல் போகாத மனிதர் என்பதைத்தான் அந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

கயிற்றேணி அகப்பட்ட பின் ஔரங்கசீப் தாமதிக்கவில்லை. ஆனால் கொலையைக் கொலையாகத் தோன்றவிடாத வழியைத் தேடினார். 1657இல் குஜராத்தில் இருந்தபோது முராத் தம் திவானாகிய அலி நகியைச் சந்தேகத்தின் பேரில் கொன்றிருந்தார். கொல்லப்பட்டவரின் மூத்த மகன் பழிக்கு உயிர் கேட்க மறுத்துவிட, இளைய மகன் முன்வந்து வழக்குத் தொடுத்தான். காஜி தீர்ப்பளித்தார். 1661 டிசம்பரில் முராத் கோட்டையிலேயே தலை வெட்டப்பட்டு, அங்கேயே புதைக்கப்பட்டார். சட்டத்தின் ஒவ்வொரு படியும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதுதான் இந்தக் கொலையில் எனக்கு மிகவும் அருவருப்பாகத் தோன்றும் பகுதி.

அதே ஆண்டு ஜனவரியில் தாராவின் மூத்த மகன் சுலைமான் ஷிகோ குவாலியருக்கு வந்து சேர்ந்திருந்தான். கர்வால் மலைநாட்டு அரசர் பிருதிவி சிங் அவனுக்கு அடைக்கலம் கொடுத்து, மிரட்டலுக்கும் ஆசைக்கும் இணங்காமல் காத்தார். கடைசியில் அவர் மகனே காட்டிக்கொடுத்துவிட்டான். டெல்லி அரசவையில் சுலைமானைக் கொண்டுவந்து நிறுத்திய காட்சியைப் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் அங்கேயே இருந்து பார்த்திருக்கிறார். கால் விலங்கைக் கழற்றிவிட்டு, பொன்முலாம் பூசியதாகத் தோன்றிய கைவிலங்கோடு அவனைக் கொண்டுவந்தார்கள். நெடிய, அழகிய அந்த இளைஞனைக் கண்டு அவையில் பலர் கண்ணீர் விட்டார்கள். சன்னல் திரைக்குப் பின்னால் அரண்மனைப் பெண்களும் இருந்தார்கள். அவன் பேரரசரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: போஸ்த் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொன்றுவிடுங்கள். போஸ்த் கொடுக்கமாட்டோம் என்று எல்லோரும் கேட்க ஔரங்கசீப் வாக்களித்தார்.

அவன் அவ்வளவு அஞ்சிய அந்தப் பொருளைப் பெர்னியர் விளக்குகிறார். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் போஸ்தக்காய் என்று பெயர் வழங்கிய, கசகசா விளையும் அபினிச் செடியின் காய்களை நசுக்கி இரவு முழுவதும் நீரில் ஊறவைப்பார்கள். விடிந்ததும் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கைதியின் முன் அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைக் குடித்து முடிக்கும் வரை உண்ண எதுவும் தரமாட்டார்கள். நாள்தோறும் இப்படியே. உடல் மெலியும், வலு போகும், அறிவு மழுங்கும். எதிலும் நாட்டமின்றி, தான் யார் என்ற நினைவே மங்கி, ஒரு நாள் மூச்சும் நின்றுவிடும். வாள் இல்லை, காயம் இல்லை, ஆணை என்று எழுதப்பட்ட தாளும் இல்லை. குவாலியர் என்ற சொல்லைக் கேட்டாலே இளவரசர்கள் நடுங்கியதற்கு மதிலின் உயரம் காரணம் அல்ல, இந்தக் காலைக் கிண்ணம்தான் காரணம். சுலைமான் 1662 மே மாதம் குவாலியரில் இறந்தான், வயது 27. அரசவையில் அளித்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றே அக்காலத்தவர் பேசிக்கொண்டார்கள், நானும் அவ்வாறே கருதுகிறேன்.

சுலைமானோடு அதே ஜனவரியில் இன்னொருவனும் குவாலியருக்கு அனுப்பப்பட்டான். ஔரங்கசீப்பின் சொந்த மூத்த மகன் முகம்மது சுல்தான். வங்காளத்தில் பெரியப்பன் ஷா ஷுஜாவுக்கு எதிராகப் போரிட அனுப்பப்பட்டவன், ஷுஜாவின் மகளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன், படையை விட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து சில மாதங்களில் மனம் மாறித் திரும்பி வந்தான். மகன் என்பதால் மன்னிப்புக் கிடைக்கவில்லை. தாராவின் இளைய மகன் சிபிர் ஷிகோவும் ஏற்கெனவே அங்கே இருந்தான். 1659 ஆகஸ்டில், பதினான்கு வயதில், தந்தையோடு டெல்லித் தெருக்களில் அழுக்குப் பிடித்த பெண் யானையின் மீது ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் இரவு தந்தையின் கைகளிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டவன். கோட்டை நுழைவில் இன்று நாம் பார்க்கும் ஆலம்கீரி வாயில் 1660இல், அதாவது இவர்கள் ஒவ்வொருவராக வந்து நிறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஔரங்கசீப்பின் பெயரால் எழுப்பப்பட்டது.

அதன் பின் நடந்ததை நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். 1672, 1673ஆம் ஆண்டுகளில், போட்டிக்கு ஆள் யாரும் மிஞ்சவில்லை என்று உறுதியான பின், ஔரங்கசீப் எஞ்சியவர்களைச் சிறையிலிருந்து வெளியே எடுத்துத் தம் குடும்பத்துக்குள்ளேயே மணம் முடித்துவைத்தார். முராதின் மகன் இஸித் பக்ஷுக்கு மகள் மிஹ்ருன்னிசாவையும், சிபிர் ஷிகோவுக்கு இன்னொரு மகள் ஜுப்ததுன்னிசாவையும் கொடுத்தார். மகன் முகம்மது சுல்தானுக்கு முராதின் மகளை மணமுடித்தார். தந்தையைக் கொன்றவரின் மகளோடு அந்த இளைஞர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை. அரசியல் கணக்காகப் பார்த்தால் இரண்டு இரத்த வழிகளையும் தம் வழியோடு கலந்துவிட்ட கெட்டிக்காரத்தனம் எனலாம். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் குன்றின் மேல் வளர்ந்த ஒருவனை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்ச மனம் வரவில்லை. முகம்மது சுல்தான் முழு விடுதலை பெறாமலே 1676இல் இறந்தான்.

பிறகு முகலாய இளவரசர்களை டெல்லியிலேயே, சலீம்கட்டிலும் செங்கோட்டைக்குள்ளும் அடைத்து வைக்கும் வழக்கம் வலுத்தது. குவாலியர் அரசச் சிறை என்ற நிலையிலிருந்து நழுவியது. 18ஆம் நூற்றாண்டில் கோஹத் ராணாவும் சிந்தியாக்களும் கிழக்கிந்தியக் கம்பெனியும் மாறி மாறி அதைப் பிடித்தார்கள். 1780 ஆகஸ்டு 3ஆம் நாள் இரவில் கேப்டன் போஃபாமின் சிப்பாய்கள் ஓசை கேட்காதிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த காலணிகளை அணிந்து, மரஏணியும் கயிற்றேணியும் கொண்டு ஏறி, ஏற முடியாதது என்று பெயர் பெற்ற அந்த மதிலைக் கடந்தார்கள். 1886இல் ஆங்கிலேயர் ஜான்சியைப் பெற்றுக்கொண்டு கோட்டையைச் சிந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று குன்றின் மேல் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளி ஒன்று நடக்கிறது. அரச குடும்பத்தைக் கோட்டையில் அடைக்கும் வழக்கத்தைக் கம்பெனியாரும் விடவில்லை என்பதை நமக்கு வேலூர் நினைவூட்டும். 1799க்குப் பின் திப்புவின் மக்களும், 1816 முதல் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அங்கே வைக்கப்பட்டார்கள்.

குவாலியருக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மான் மந்திரின் கீழ்த்தளத்து வட்டக் கூடத்துக்கு இறங்கியதும், அந்த இருட்டையும் விதான வளையங்களையும் காட்டி, இங்கேதான் முராத் தூக்கிலிடப்பட்டார் என்று சொல்லும் கதை உங்கள் காதில் விழும். முராத் தூக்கிலிடப்படவில்லை, வாளால் கொல்லப்பட்டார். முகலாயர் காலத்தில் அந்தக் கூடங்களிலும் கைதிகள் இருந்திருக்கலாம். ஆனால் அரசச் சிறை என்றே பெயர் பெற்ற இடம் வேறு. குன்றின் வடமேற்கில், தோண்டா வாயில் பக்கம் இருக்கும் நௌசௌக்கி என்னும் ஒன்பது அறைகளே அது. வாத்துகள் வரிசையாய் நடக்கும் அரண்மனையைப் பார்க்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை அதற்கும் ஒதுக்கலாம். கிஸ்ர் கான், ஷாதி கான், ஷிஹாபுதீன், அபுல் காசிம், முராத், சுலைமான் ஆகியோரின் பெயர்களையும் ஆண்டுகளையும் தெளிவாகப் பொறித்த ஒரு கல்லை அங்கே நாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கைதிகளில் ஒருவரைக் குவாலியர் நன்றாகவே நினைவு வைத்திருக்கிறது. தந்தை குரு அர்ஜன் 1606இல் லாகூரில் உயிர் துறந்த பின், இரண்டு வாள்களை அணிந்து, ஆயுதமேந்திய தொண்டர்களோடு வாழத் தொடங்கிய குரு ஹர்கோவிந்தை ஜஹாங்கீர் இக்கோட்டையில் அடைத்தார். அவர் எத்தனை காலம் இருந்தார் என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. சீக்கிய மரபின்படி, விடுதலை ஆணை வந்தபோது தம்மோடு சிறையில் இருந்த 52 சிற்றரசர்களையும் விடுவித்தாலன்றிப் போகமாட்டேன் என்றார் குரு. அவருடைய ஆடையைப் பற்றிக்கொண்டு எத்தனை பேர் வெளியேற முடியுமோ அத்தனை பேர் போகலாம் என்று பதில் வந்தது. 52 குஞ்சங்கள் வைத்துத் தைத்த அங்கி ஒன்றை அணிந்து, ஆளுக்கொரு குஞ்சத்தைப் பிடிக்கச் செய்து, அனைவரையும் வெளியே அழைத்து வந்தார். பந்தி சோர் திவஸ் என்று ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டிச் சீக்கியர்கள் விளக்கேற்றிக் கொண்டாடுவது இந்த விடுதலையைத்தான். கோட்டையின் மேல் வெண்ணிறத்தில் நிற்கும் தாதா பந்தி சோர் குருத்வாராவில் எல்லா நாளும் வழிபாடு நடக்கிறது. வருகிறவர் எவராயினும் அமரவைத்து லங்கரில் உணவு பரிமாறுகிறார்கள்.